சுரங்கத்துக்குள் போகாதவள்

பாஸ்போர்ட் எடுப்பதற்காகத் தலைநகரம் வரை போன ரொசெந்தோ, மூன்றாம் நாள் அதே சட்டையோடு திரும்பி வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகச் சான் அன்செல்மோ பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து, தன் பிறப்புச் சான்றிதழை மேசைமேல் போட்டான். அங்கே இதை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தகப்பன் பெயரைப் படிக்க முடியவில்லையாம். போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம், நடுவில் ஒரு நாள் முழுக்க வரிசையில்.

“தோன்யா தொமி, இது எங்கப்பா பேரா, இல்ல எறும்பு ஊர்ந்த தடமா? நீங்களே படிச்சுச் சொல்லுங்க பாப்போம்.”

ஊரார் மரியாதையாகத் தோன்யா தொமி என்று கூப்பிடும் எழுத்தர் தொமித்தீலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அது போதாதென்று இவன் வேறு. முப்பது வருஷமாக இந்த ஊரில் பிறந்தவன், கட்டிக்கொண்டவன், செத்தவன் எல்லாரையும் எழுதியவள் அவள். கன்னியாஸ்திரிகள் முட்டியில் பிரம்பால் தட்டித் தட்டிப் படியவைத்த கையெழுத்து. கல்யாணப் பத்திரிகை உறைமேல் பெயர் எழுதித் தரச் சொல்லிப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்த காலம் உண்டு.

என் எழுத்தையா குறை சொல்கிறாய், காட்டுகிறேன் பார் என்று அலமாரியிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தை உருவி, இந்த வருஷத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்தாள். பழைய புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தும் சோளமணி மாதிரி நின்றது. புதியதில் வரியின் முதல் சொல் ஓரளவுக்கு இருந்தது. போகப்போகக் குறுகி, கடைசிச் சொல் கசகசா அளவுக்குப் போயிருந்தது. நடுவிலிருந்த வருஷங்களை எடுத்துப் புரட்டினாள். நான்கு வருஷமாகவே அப்படித்தான் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. தினமும் எழுதுகிறவள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

ரொசெந்தோவை உட்காரச் சொல்லிவிட்டுப் புதுச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தாள். எழுத்து எழுத்தாக அழுத்தி, நிறுத்தி, மூச்சுவிட்டு எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்ததும் வாழ்ந்ததும் கான்யாதா என்கிற பள்ளத்துப் பகுதியில்தான். மலைமேல் மாங்கனீசு ஆலை. அதற்கு நேர் கீழே கான்யாதாவின் நூற்று நாற்பது வீடுகள். ஆலையில் கல்லை உடைக்கும் இயந்திரத்துக்குக் கூரை கிடையாது. மதியம் இரண்டு மணிவாக்கில் காற்று மலையிலிருந்து இறங்கும். கூடவே கறுப்புத் தூசியும் இறங்கும். அந்த நேரத்தில் கொடியில் துணி போட மாட்டார்கள், பீன்ஸ் பானையைத் திறந்து வைக்க மாட்டார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்ட மாட்டார்கள். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. அதையும் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. ஆலைக் கழிவைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டிச் சமன்படுத்திக் கொடுத்தபோது, சேறு இல்லாமல் போயிற்று என்று ஊரே நன்றி சொல்லியிருந்தது. நன்றிக் கடிதத்தை எழுதியது தொமித்தீலாதான்.

அவள் புருஷன் காஸ்தோ ஆலை உலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தான். உலை திறக்கும்போது வரும் புகைக்குள்ளேயே நிற்பவன். காளை மாதிரி இருந்தான். ஒரு பல் விழவில்லை, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. தொமித்தீலாவோ சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் ஒரு நாள்கூடக் கால் வைத்தவள் இல்லை. மேசையில் உட்கார்ந்து பேனா பிடித்தவள். அதனால்தான் பின்னால் அவள் எதைச் சொன்னாலும் ஊர் நம்பவில்லை.

ஊர் மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவமனை என்றால் இரண்டு அறை, ஒரு நர்ஸ், படிப்பை முடித்து ஒரு வருஷக் கட்டாய சேவைக்கு வந்த ஒரு இளம் டாக்டர். அந்த டாக்டர் ஊர்ப் பெயர்களைக் கற்றுக்கொண்டு தேறுவதற்குள் வருஷம் முடிந்து போய்விடுவார். அடுத்தவர் வருவார். முதலாமவர் அது நரம்புத் தளர்ச்சி என்று பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டார். அடுத்த வருஷம் வந்தவர் மாதவிலக்கு நிற்கும் வயதில் இப்படித்தான் இருக்கும் என்றார். மூன்றாமவர் தைராய்டு என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வருவதற்குள் அவரே போய்விட்டார். ஒவ்வொருவரிடமும் அவள் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரே கேள்வியில் தொடங்கினார்கள்: வீட்டில் ஏதாவது கவலையா? கவலை ஒன்றும் இல்லை, நீங்கள்தான் என் கவலை என்று சொல்ல நாக்கு வரை வரும். சொல்ல மாட்டாள்.

இதற்குள் முகம் மாறிவிட்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது. எதிரில் இருப்பவர்களுக்குத்தான் தெரிந்தது. கன்னமும் நெற்றியும் அசையாமல் நின்றுவிட்டன. உள்ளே சிரிப்பாள், முகத்துக்கு வராது. கல்யாணம் பதியும்போது மணமக்களைப் பார்த்து அவள் சொல்லும் வாழ்த்து, குற்றம் சாட்டுவது போல வந்து விழுந்தது. அவளுக்கு மேலதிகாரியாக இருந்த பதிவாளர் தோன் நபோர் நல்ல மனிதர். ஆனால் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவர். ஜனங்க உங்களப் பாத்து பயப்படுறாங்க, கொஞ்சம் சிரிங்களேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்.

“சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன், தோன் நபோர்,” என்றாள் அவள். குரலும் அப்போது தாழ்ந்து போயிருந்தது. அவர் என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்டார்.

பிறகு விழத் தொடங்கினாள். முன்பக்கமாக இல்லை, பின்பக்கமாக. கதவைத் தன் பக்கம் இழுக்கும்போது, யாராவது எதிரே வந்து வழிவிடப் பின்னால் ஓர் அடி வைக்கும்போது, வெட்டிய மரம் மாதிரி மல்லாந்து போவாள். நடக்கும்போது குதிகால் தரையில் படாது. விரல்நுனியில் ஊன்றி, கைகளை மடக்கிக்கொண்டு, சண்டைக்குப் போகும் சேவல் மாதிரி நடந்தாள். தெருவில் பிள்ளைகள் அவளைப் போலவே நடந்து காட்டினார்கள். ஒரு கல்யாணத்தில், பொண்ணு மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு முடித்ததும், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தவள் கேக் வைத்திருந்த மேசைமேலேயே விழுந்தாள்.

மறுநாள் கான்யாதாவில் ஒரே பேச்சு. பதிவு அலுவலகத்து அம்மா குடிக்கிறாள். காலையிலேயே கரும்புச் சாராயம் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாளாம். மேசை இழுப்பறையில் பாட்டில் இருக்கிறதாம். வாழ்நாளில் கிறிஸ்துமஸுக்கு ஒரு மடக்கு தவிரத் தொடாதவள். அவளுடைய சொந்தத் தங்கையே வந்து, அக்கா, எங்கிட்ட மறைக்காத, யாருக்குத்தான் கஷ்டம் இல்ல என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தொமித்தீலா மேசை இழுப்பறையை அப்படியே பிடுங்கி வந்து தங்கை மடியில் கவிழ்த்தாள். ரப்பர் முத்திரை, மைப்புட்டி, பாதி தின்ற ரொட்டி.

நான்காம் வருஷம் வந்த டாக்டர் யூரிதியா என்கிற பெண். ஒல்லியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். இவள் என்ன கிழிக்கப்போகிறாள் என்ற சலிப்போடுதான் தொமித்தீலா போய் உட்கார்ந்தாள். யூரிதியா கவலையைப் பற்றிக் கேட்கவில்லை. எழுந்து நின்று பின்பக்கமாக நாலு அடி நடங்கள் என்றாள். இரண்டாம் அடியில் விழப்போன தொமித்தீலாவைத் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒரே வரியைப் பத்துத் தரம் எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் அதை வெகுநேரம் பார்த்தாள். எனக்கு இது என்னன்னு சரியாத் தெரியல, ஆனா நரம்புத் தளர்ச்சி இல்ல என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே தொமித்தீலாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தெரியவில்லை என்று சொன்ன முதல் டாக்டர் அவள்தான்.

தலைநகரத்தில் மூளை நரம்பு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். முதல் தேதி கிடைக்கவே ஐந்து மாதம். காஸ்தோ விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். டாக்டர் அரிஸ்மெந்தி நரைத்த மனிதர். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போதும் அவசரப்படாதவர். என்ன வேலை என்று கேட்டார். பதிவு அலுவலகம் என்றாள். சுரங்கம், தொழிற்சாலை, வெல்டிங் எதுவும்? இல்லை. பூச்சிமருந்து? இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார்.

“ஆலைக்குக் கீழதாங்க,” என்றான் காஸ்தோ. “மாங்கனீசு ஆலை. நான் அங்கதான் வேலை பாக்குறேன். ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன்.”

காந்த ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் மூளையின் நடுவே இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைத் தீற்று. அங்கே இருட்டாக இருக்க வேண்டும் என்றார் அரிஸ்மெந்தி. அது மாங்கனீசு படிந்த இடம். நடையையும் முகத்தையும் எழுத்தையும் நடத்தும் நரம்பணுக்கள் அங்கேதான் இருக்கின்றன, அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. பார்க்கின்சன் நோய் மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை. அதற்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. தூசியை விட்டுத் தள்ளிப் போனால் போகிற வேகம் குறையலாம். போனது வராது.

காஸ்தோவுக்கு அது தலையில் ஏறவே இல்லை. உலை வாயில் நிற்பவன் அவன். வர வேண்டியது அவனுக்கல்லவா? டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். தொமித்தீலாவுக்குப் பல வருஷமாக ரத்தசோகை. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால், இரும்பு நுழைகிற அதே வாசல் வழியாக மாங்கனீசு கூடுதலாக நுழைந்துவிடும். பெண்களுக்கு அது அதிகம். ஆளுக்கு ஆள் ஈரலும் ரத்தமும் வேறு. அதனால் ஒருத்தரை அடிக்கும், இன்னொருத்தரை விட்டுவைக்கும். உங்களுக்கும் இனிமேல் வராது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன் என்றார் காஸ்தோவிடம்.

திரும்பும் பஸ் மலைப்பாதையில் ஏறும்போது, என் சட்டையத் துவைச்சதுலயும் இருக்குமோ என்று காஸ்தோ கேட்டான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு நாளும் அவன் வேலைச் சட்டையை அவள்தான் வாசலில் உதறித் துவைத்தவள்.

ஊருக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, மரணப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. கான்யாதாவில் செத்தவர்களின் காரணப் பத்தியை ஒவ்வொன்றாகப் படித்தாள். முதுமை. நரம்புக் கோளாறு. கீழே விழுந்து தலையில் அடி. சாப்பாடு தொண்டையில் அடைத்து. எல்லாம் அவள் கையால் எழுதியவைதான். எழுதும்போது தோன்றாதது இப்போது தோன்றியது: முதுமையில் செத்ததாக எழுதியவர்களில் பாதிப் பேருக்கு அறுபது ஆகவில்லை. உயிரோடு இருப்பவர்களையும் நினைத்துப் பார்த்தாள். தெருவில் தன்னைப் போலவே விரல்நுனியில் நடக்கிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்.

இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி இறங்காத இடமில்லை. நகராட்சியில், அது சுகாதாரத் துறை வேலை என்றார்கள். சுகாதாரத் துறையில், அது சுற்றுச்சூழல் துறை வேலை என்றார்கள். சுற்றுச்சூழல் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வரும் நாள் ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அன்று கல்லுடைக்கும் இயந்திரம் ஓடவில்லை, சாலைக்குத் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது, வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அளவு வரம்புக்குள் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து எல்லாருடைய தலைமுடியையும் ரத்தத்தையும் எடுத்துப் போயிற்று. ஒரு வருஷம் கழித்து வந்த அறிக்கையில், தூசிக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, மேலும் ஆராய வேண்டும் என்றிருந்தது. இன்னும் எத்தனை பேர் விழுந்தால் ஆராய்ச்சி முடியும் என்று அவள் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. எழுத்தைப் படிக்க முடியவில்லையோ என்னவோ.

கடைசியில் ஆலையே ஒரு கூட்டம் போட்டது. இஞ்சினியர் உகால்தே வெள்ளைச் சட்டையில் வந்து, படம் போட்டுக் காட்டிப் பேசினார். மாங்கனீசு விஷமில்லை, உடம்புக்குத் தேவையான சத்து என்றார். பீன்ஸில் இருக்கிறது, அன்னாசியில் இருக்கிறது. தொழிலாளிகளுக்குத் தினமும் அரை லிட்டர் பால் கொடுக்கிறோம், பால் தூசியை முறித்துவிடும். இனிமேல் கான்யாதாவுக்கும் வாரம் ஒரு முறை பால் தருகிறோம் என்றார். சிலர் கை தட்டினார்கள். தொமித்தீலா எழுந்து நின்றாள். அவள் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தோழி பெத்ரா அதைக் கேட்டு உரக்கச் சொன்னாள்:

“பீன்ஸ்ல வர்றத ஈரல் வடிகட்டி வெளிய தள்ளிடுமாம், இஞ்சினியர். மூக்குல போறது நேரா மூளைக்குப் போகுதாம். நீங்க பீன்ஸ மூக்கு வழியாவா சாப்பிடுறீங்கன்னு தொமி கேக்குறா.”

கூட்டம் சிரித்தது. மறுநாள் மேஸ்திரி காஸ்தோவைக் கூப்பிட்டு, உன் பொண்டாட்டியைக் கொஞ்சம் அடக்கி வை, ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷம்தானே இருக்கு என்றான். காஸ்தோ அதை அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

“அடி கிழவி, உன்னால என் வேலைக்கு வேட்டு வச்சிருவானுங்க போல.”

“வைக்கட்டும்.”

“வைக்கட்டுமா? அப்புறம் எதச் சாப்பிடுறது? அந்த ரிப்போர்ட்டையா?”

“நீ போயி உகால்தே குடுக்குற பாலக் குடி.”

அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தான். வெளியே போனான். திரும்பி வந்தான். அவளுக்கு ஷூ கயிறு கட்ட வராது என்பது நினைவுக்கு வர, குனிந்து கட்டிவிட்டு மறுபடி வெளியே போனான்.

பெத்ராவின் புருஷன் எலீஹியோ அந்தப் பதினொரு பேரில் ஒருவன். காப்பித் தோட்டக்காரன். ஐம்பத்தெட்டு வயது. அக்டோபரில் ஒரு நாள் காலையில் தொர்த்தீயா என்கிற சோள ரொட்டி தொண்டையில் அடைத்துச் செத்துப்போனான்; விழுங்கும் தசை வேலை செய்யவில்லை. யூரிதியாவின் வருஷம் முடிந்து, அவள் இடத்துக்கு வந்திருந்த புது டாக்டர், சான்றிதழில் முதுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தொமித்தீலா அதைப் பதிய மறுத்துவிட்டாள். ஐம்பத்தெட்டில் முதுமையா? டாக்டர் மாற்றி எழுதட்டும், அதுவரை பேனாவைத் தொட மாட்டேன் என்றாள். டாக்டர் பயந்தவர். எனக்கு அந்த நோயைப் பற்றித் தெரியாது, தெரியாததை எழுத முடியாது என்றார். தோன் நபோர் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து ஓய்ந்தார். பதிவு இல்லாமல் அடக்கம் செய்ய அனுமதி கிடையாது. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் மதியம் பெத்ரா அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

“தொமி, உன் சண்டைக்கு என் புருஷன் உடம்புதான் கெடச்சுதா?”

அவருக்காகத்தான் என்று தொமித்தீலா சொல்லத் தொடங்கினாள்.

“அவருக்காக இல்ல. உனக்காக. வீட்டுக்குள்ள நிக்க முடியல, நாத்தம். பிள்ளைங்க வாசல்ல படுத்துக் கெடக்குறாங்க. எழுதுடி. முதுமையோ இளமையோ, எழுது.”

தொமித்தீலா எழுதினாள். முதுமை என்றே எழுதினாள். அந்த ஒரு சொல்லை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவ்வளவு நேரமும் பெத்ரா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று அடக்கத்துக்கு அவள் போகவில்லை. போக முகமில்லை. அசையாத முகத்துக்குள்ளே வெட்கம் தின்றுகொண்டிருந்தது. வாழ்நாளில் தான் செய்த மிகக் கேவலமான காரியம் அது என்று பிற்பாடு காஸ்தோவிடம் சொல்லியிருக்கிறாள். உடம்பை வைத்து நியாயம் கேட்டது கேவலமா, கடைசியில் பொய்யை எழுதியது கேவலமா என்று அவன் கேட்டான். இரண்டும்தான் என்றாள்.

செத்தவர் வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை சொல்வது வழக்கம். ஒன்பதாம் நாள் முடிந்து, காப்பியும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிய பிறகு, பெத்ரா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்னால் கான்யாதாவின் பெண்கள் முப்பது பேர் நின்றார்கள்.

“எழுதியாச்சு, புதைச்சாச்சு,” என்றாள் பெத்ரா. “இப்ப சொல்லு, என்ன பண்றது? காகிதம் கீகிதம்னு சொன்னீன்னா நான் போயிடுவேன்.”

காகிதத்தில் தொமித்தீலாவுக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மறுநாள் விடிந்ததும், ஆலையிலிருந்து உலோகம் ஏற்றிய லாரிகள் இறங்கும் சாலையில் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தொமித்தீலா நடுவில் உட்கார்ந்தாள். நின்றால் விழுவாள் என்பதால் அவளுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. முதல் லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஓட்டுநர் இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தான். அவனுடைய அம்மா இரண்டாம் வரிசையில் இருந்தாள்.

ஒன்பது நாள் சாலை திறக்கவில்லை. போலீஸ் வந்தது, பார்த்தது, போயிற்று. நகராட்சித் தலைவர் வந்து, பெண்களே, வேலைவாய்ப்பு, ஊர் முன்னேற்றம் என்று பேசினார். அவர் வீடு கான்யாதாவில் இல்லை என்பதை யாரோ நினைவூட்டினார்கள். ஆலை ஆட்களில் சிலர் வந்து திட்டினார்கள். எங்க வயித்துல அடிக்கிறீங்க என்றார்கள். அது பொய்யுமில்லை. நான்காம் நாள் உலையை அணைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் காஸ்தோ சாலையில் இறங்கி வருவதை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நேராகத் தொமித்தீலாவிடம் வந்து, பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டினான்.

“மூணு நாளா இதச் சாப்பிடல நீ. போராட்டம் பண்றவளுக்கு மாத்திரை வேண்டாமா? வாயத் தொற.”

அது பெரிதாகக் கேட்காத மாத்திரை என்பது இருவருக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அவன் தண்ணீர் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகாமல் பக்கத்தில் இருந்த கல்மேல் உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் உலையில் வேலை பார்க்கும் இன்னும் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று. கல்லுடைக்கும் இயந்திரத்துக்குக் கூரையும் சுவரும். உலைப் புகைக்கு வடிகட்டிப் பை. சாலைக்குத் தினமும் தண்ணீர். பள்ளி மைதானத்துக் கழிவைத் தோண்டி எடுத்துப் போவது. ஆனால் காகிதத்தில் நோய் என்ற சொல்லே இல்லை. தூசி என்ற சொல்லும் இல்லை. அப்பகுதியின் தோற்றப் பொலிவை மேம்படுத்தும் பொருட்டு என்று எழுதியிருந்தது. தொமித்தீலா அதைப் படித்துவிட்டு மறுக்கப் போனாள். பெத்ரா அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, இந்தத் தடவ நான் போடுறேன் என்று தன் கட்டை விரலை வைத்தாள்.

கூரை வந்தது, சொன்னதற்கு ஏழு மாதம் தாமதமாக வந்தது. வடிகட்டிப் பை வந்து இரண்டு முறை கிழிந்தது. தண்ணீர் லாரி முதலில் தினமும் வந்தது, பிறகு வாரத்தில் நான்கு நாள். ஆனாலும் மதியக் காற்று கறுப்பாக இறங்குவது நின்றது. கான்யாதாவில் துணிகள் இரண்டு மணிக்கும் காயத் தொடங்கின. காஸ்தோவை வேலையை விட்டு நீக்கவில்லை. உலையிலிருந்து எடுத்துக் கிடங்குக் காவலுக்குப் போட்டார்கள். அவனுக்கு அது பெரிய அவமானம். வருஷத்துக்கு ஒரு முறை அரிஸ்மெந்தியிடம் போய்த் தன் தலையையும் படம் எடுத்துக்கொண்டு வந்தான். அவன் படத்திலும் லேசாக வெளுப்பு இருந்தது. நடையில் மட்டும் ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம் என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் அலுத்துக்கொண்டான்.

தொமித்தீலாவுக்குக் குறையவில்லை. டாக்டர் சொன்னபடி போகிற வேகம்தான் மட்டுப்பட்டது. ஐம்பத்தொன்பதில் வேலையை விட்டாள். தூசி இல்லாத ஊரில் போய் இருங்கள் என்று அரிஸ்மெந்தி சொன்னதைக் கேட்டு, சமவெளியில் இருந்த நாத்தனார் வீட்டில் நான்கு மாதம் இருந்து பார்த்தாள். நாத்தனார் அவளைப் பீங்கான் பொம்மை மாதிரி மூலையில் உட்காரவைத்து, ஒரு குவளையைக்கூடக் கழுவ விடவில்லை. தூசி கொல்லாவிட்டாலும் இவள் கொன்றுவிடுவாள் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அவள் வந்த மாதத்தில்தான், மூன்று வருஷம் இழுத்தடித்த பிறகு, பள்ளி மைதானத்தைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். வெளியூர் ஒப்பந்தக்காரர். மே மாத வெயிலில், தண்ணீர் தெளிக்காமல், வகுப்பு நடந்துகொண்டிருக்கும் போதே இயந்திரத்தை வைத்துக் காய்ந்த கழிவை வாரி வாரி லாரியில் கொட்டினார்கள். கறுப்பு மேகம் எழும்பி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் போயிற்று. தொமித்தீலா வேலிக்கு வெளியே நின்று நிறுத்துங்கள் என்று சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினாள். இயந்திரத்தில் இருந்தவன் யாரோ பெரியம்மா வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

அவள் வேலியைத் திறந்துகொண்டு, விரல்நுனியில் தத்தித் தத்தி மைதானத்தின் நடுவே போய், இயந்திரத்தின் வாளிக்கு முன்னால் நின்றாள். அவன் திடுக்கிட்டு நிறுத்தினான். அந்த அதிர்ச்சியில் அவள் மல்லாந்து விழுந்தாள். ஓடி வந்து தூக்கப் போனவர்களைத் தொட விடவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே பேசினாள். ஒப்பந்தக்காரர் மண்டியிட்டுக் காதை அவள் வாயருகே வைக்க வேண்டியதாயிற்று.

“மொதல்ல பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்புங்க,” என்றாள். “அப்புறம் தண்ணி ஊத்துங்க. ஊத்தி நனைச்சுட்டுத் தோண்டுங்க. இதக்கூட ஒரு நோயாளி வந்து படுத்துக்கிட்டுதான் சொல்லணுமா?”

பிள்ளைகளை அனுப்பினார்கள். தண்ணீர் லாரி வர மாலை ஆயிற்று. அதுவரை அவள் எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை. காஸ்தோ வீட்டிலிருந்து குடையைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே நின்றான்.